நெடுந்தாங்கல் இயற்கை நடை

அரசாங்கத்துக்கு ஒரு நாள் திடீரென்று ஒரு கவலை வந்தது. பட்டணத்து மக்கள் நடப்பதை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், ரேஷனுக்கு நிற்கிறார்கள், சினிமா டிக்கெட்டுக்கு நிற்கிறார்கள். நிற்பதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. நடப்பதில்தான் பின்தங்கிவிட்டார்கள். அதிலும் குடும்பத்தோடு, இயற்கைக்கு நடுவில், மூச்சு வாங்காமல் நடப்பது என்பது அடியோடு அற்றுப்போய்விட்டது.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெரிய அதிகாரி. அரசாங்கச் செலவில் ஐரோப்பா போயிருந்தபோது, அங்கே வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்டாட்டி, பிள்ளை, நாய் சகிதம் காட்டுக்குள் நடந்து போய், ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவதைத் தம் இரு கண்களாலும் கண்டார். ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவது நம் அலுவலர்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலைதான். பொதுமக்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

இப்படித்தான் இயற்கை வளர்ப்பு இலாகா பிறந்தது. காட்டைப் பார்த்துக்கொள்ள ஏற்கெனவே ஓர் இலாகா உண்டு. காட்டை மக்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொள்வது இந்தப் புது இலாகாவின் பொறுப்பு. அதன் முதல் திட்டத்துக்கு 'எளிய குடும்ப இயற்கை நடை' என்று பெயர். அதற்குத் தகுந்த காடு ஒன்று தேவைப்பட்டது. பட்டணத்திலிருந்து காலையில் போய் மத்தியான சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். யானை இருக்கக்கூடாது. சிறுத்தை இருக்கக்கூடாது. மேடு பள்ளம் இருக்கக்கூடாது. மரம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

வரைபடத்தின் மேல் ஊர்ந்த விரல் ஒரகடத்துக்கும் மணிமங்கலத்துக்கும் நடுவே வந்து நின்றது. நெடுந்தாங்கல் காப்புக்காடு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு தொழிற்சாலைச் சங்குகள் ஊதத் தொடங்கியிருந்தன. மற்றபடி அந்த வட்டாரத்தில் ஏரி, கல், முள், அதைத் தாண்டினால் மறுபடியும் ஏரி.

அந்தக் காட்டின் ஓரத்தில் இலாகா ஒரு குவார்ட்டர்ஸ் கட்டி, அதில் கோதண்டம் என்பவரை மேற்பார்வையாளராகக் குடிவைத்தது. கோதண்டத்தோடு அவர் மனைவி சுந்தராம்பாளும் வந்து சேர்ந்தாள். சுந்தராம்பாள் பட்டணத்தில் கான்வென்ட்டில் படித்தவள். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும், தும்மல் வந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் கன்னியாஸ்திரீகள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கையில் செம்போடு சூரைப் புதருக்குப் பின்னால் எப்படி உட்கார வேண்டும் என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

ஏனென்றால், குவார்ட்டர்ஸில் கக்கூஸ் இல்லை. கூடம் இருந்தது, அடுப்பங்கரை இருந்தது, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பம் இருந்தது. கக்கூஸைப் பற்றிக் கேட்டதற்கு, அது பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அரசாங்கம் பரிசீலிக்கலாம். வயிறு பரிசீலிக்குமா?

சுந்தராம்பாள் முதலில் அழுதாள். பிறகு ஊர்ப் பெண்களோடு போகப் பழகினாள். பழகிய பிறகு, அந்த விடியற்காலைப் பொழுதை அவளால் விட முடியவில்லை. பாஞ்சாலி, லூர்தம்மாள், இன்னும் நாலைந்து பேர் ஆளுக்கொரு புதராக உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாமல், குரல் மட்டும் விட்டுப் பேசிக்கொள்வார்கள். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறான், யார் புருஷன் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு எங்கே போனான், எல்லாம் அங்கே பைசல் ஆகிவிடும். தினசரிப் பத்திரிகை அந்த ஊருக்குப் பத்து மணி பஸ்ஸில்தான் வரும். அதற்குள் நெடுந்தாங்கலில் செய்தி பழசாகியிருக்கும்.

'காட்டுப் பக்கம் போய்ட்டு வரேன்' என்று அந்த ஊரில் ஒருத்தி சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கூட வரட்டுமா என்றுதான் கேட்பார்கள்.

இந்த நிலையில்தான் ஒருநாள் விடிகாலையில் காட்டு வாசலில் ஒரு பெரிய பலகை முளைத்திருந்தது. பச்சை வண்ணத்தில் வெள்ளை எழுத்து. பாஞ்சாலி செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா எழுதிக்கீது? படி."

லூர்தம்மாள் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டினாள். "இயற்கை... நடைப்... பாதை."

"இயற்கைன்னா?"

"அதான்டி. ஆஸ்பத்திரில நர்சம்மா கேக்கல, இயற்கை உபாதை எல்லாம் ஒழுங்கா போவுதான்னு? அதான் இது. கவருமெண்டு பாசை."

"அட, நம்ம போற வழிக்கு கவருமெண்டே போர்டு வெச்சிட்டானா!" பாஞ்சாலிக்குப் பெருமை தாங்கவில்லை. "இம்மா நாளா நம்மள கண்டுக்கினானான்னு பாத்தா, கண்டுக்கினுதான் கீறான். அப்பால இன்னா போட்டுக்கீது?"

"அனைவரும்... குடும்பத்தோடு... வருக."

பாஞ்சாலியின் இடுப்பிலிருந்து செம்பு நழுவியது.

"குடும்பத்தோடயா?" என்றாள் பாஞ்சாலி. "இன்னாக்கா கூத்து இது! அந்தாளு, மாமியாக்காரி, புள்ளைங்க, எல்லாரும் வரிசையாவா? ஐயே, தூ! சொல்லும்மா ஆபீசரம்மா, உன் வூட்டுக்காரர்தான இத்த நட்டது?"

சுந்தராம்பாள் சிரித்த சிரிப்பில் செம்புத் தண்ணீர் பாதி கொட்டிப்போயிற்று. "அது வேற நடை, பாஞ்சாலி. பட்டணத்துலேர்ந்து ஜனங்க வருவாங்க. சும்மா நடந்துட்டுப் போவாங்க."

"காட்டுக்கு சும்மா வருவாங்களா? சும்மா எதுக்கும்மா காட்டுக்கு வரணும்?"

இந்தக் கேள்விக்கு இலாகாவில் ஒருவரிடமும் பதில் இல்லை. அதனால்தானோ என்னவோ, திறப்பு விழா நடந்த பிறகு பட்டணத்திலிருந்து ஒரு குடும்பமும் வரவில்லை. திறந்து வைத்த வட்டார அதிகாரி தாண்டவராயனின் குடும்பம் மட்டும் வந்தது. அதிலும் அவர் மனைவி ஜீப்பை விட்டு இறங்கவில்லை. முள் குத்தும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

தாண்டவராயன் சபாரி சூட் அணிந்தவர். அந்த வருஷம்தான் எல்லா அதிகாரிகளும் சபாரி சூட்டுக்கு மாறியிருந்தார்கள். காட்டில் வேலை என்பதால் இவர் மட்டும் அதில் கூடுதலாக நாலு பை வைத்துத் தைத்திருந்தார். கோதண்டத்தைத் தனியே அழைத்தார்.

"கோதண்டம், வருகை முக்கியம். ஜனங்கள் நடக்க வேண்டும். நடக்கவில்லையென்றால் திட்டம் இங்கிருந்து போய்விடும். நீரும் கூடவே போவீர். மலைக்கு. அங்கே யானைகள் நடக்கின்றன, நீர் அதை மேற்பார்வை பார்க்கலாம்."

அன்று இரவு கோதண்டம் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வாசல் காவலாளி மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டு, காட்டுக்குள் போகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடச் சொன்னார்.

"எல்லாருக்குமா, சார்?" என்று மண்ணாங்கட்டி இழுத்தான். "செம்பு எடுத்துக்கினு போறவங்களுக்குமா?"

"காட்டுக்குள் நடந்து போய்த் திரும்புகிறவர் 'நடையாளர்' என்று சுற்றறிக்கை சொல்கிறது. எதற்காகப் போனார் என்று கேட்கச் சொல்லவில்லை. கையில் செம்பு இருக்கக்கூடாது என்றும் சொல்லவில்லை. போடு கொட்டையை."

அந்த வார இறுதியிலேயே டப்பா நிரம்பி வழிந்தது. மாதக் கடைசியில் தாண்டவராயனுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டணத்தான் கைவிட்ட இயற்கையைப் பட்டிக்காட்டான் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான்! அதுவும் எப்போது? விடிவதற்கு முன்னால்! மழை என்றில்லை, பனி என்றில்லை, நாள் தவறாமல்! கைக்குழந்தை முதல் கிழவர் வரை! 'நெடுந்தாங்கல் மக்களின் இயற்கைப் பற்று ஏனைய மாவட்டங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு' என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடமும் மகிழ்ந்தது. மேலிடம் மகிழ்ந்தால் சும்மா இருக்குமா? நிதி ஒதுக்கியது.

வினை அங்கேதான் தொடங்கியது.

முதலில் பாதையோரத்துப் புதர்களை வெட்ட ஆள் வந்தார்கள். காரை, சூரை, களா, ஆவாரை எல்லாம் தரையோடு போயிற்று. பிறகு சிமெண்டு பெஞ்சுகள் வந்து இறங்கின. கடைசியாக, விடிவதற்கு முன்னால்தான் கூட்டம் அதிகம் என்பதால், பாதை நெடுகக் கம்பம் நட்டு டியூப் லைட் போட்டார்கள். நெடுந்தாங்கல் தெருவில் அப்போது லைட் கிடையாது. காட்டுக்குள் பட்டப்பகலாக எரிந்தது.

மறுநாள் விடிகாலையில் செம்போடு வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சுந்தராம்பாள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, தூங்கிக்கொண்டிருந்த கணவனின் போர்வையை உருவினாள்.

"ஏங்க, எழுந்திருங்க. புதரெல்லாம் எங்க?"

"வெட்டியாச்சு. இயற்கைக் காட்சிக்கு இடைஞ்சலா இருந்தது."

"புதர்தாங்க இயற்கை!"

"புதர் இயற்கைதான். ஆனா அது இருந்தா இயற்கை தெரிய மாட்டேங்குதே."

"இயற்கை தெரியலேன்னா பரவாயில்ல. இப்ப நாங்க தெரியறோமே, அதுக்கு என்ன பண்றது? நான் எங்க போவேன்? கொடிக்கம்பத்துக்குப் பின்னாலயா?"

கோதண்டம் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு மனைவியின் கஷ்டம் புரியாமல் இல்லை. ஆனால் கக்கூஸ் வேறு, இயற்கை வேறு. இரண்டையும் சேர்த்துப் பேசினால் எந்த இலாகா பதில் சொல்லும்? "கொஞ்சம் பொறுத்துக்கோயேன், சுந்தரா."

"எவ்வளவு நேரம்?"

கோதண்டம் போர்வையை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பெண்கள் ஏரிக்கரைக்கு நடக்கத் தொடங்கினார்கள். அது தூரம். தவிர அந்தப் பக்கம் தொழிற்சாலைக்கு ஷிப்டு போகிற சைக்கிள்கள் வரும். அதனால் இருட்டு கலைவதற்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதி ஆக்கினார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். பாஞ்சாலியின் நாத்தனார் சரோஜா பிள்ளைத்தாய்ச்சி. கரைச் சரிவில் வழுக்கி விழுந்து, குன்றத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கட்டை வண்டியில் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் தப்பியது பெரிய காரியம். சுந்தராம்பாள் அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கான்வென்ட்டில் கற்றுக்கொள்ளாத வார்த்தைகள் சிலவற்றை உரக்கச் சொன்னாள்.

டப்பாவில் கொட்டை விழவில்லை. தாண்டவராயன் ஜீப்பில் பறந்து வந்தார்.

"ஏன் மக்கள் இயற்கையை வெறுத்துவிட்டார்கள்?" என்று கோதண்டத்தைக் கேட்டார். கோதண்டம் டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்தார். "ஊர்ப் பெண்களை அழையும். நான் நேரடியாக விசாரிக்கிறேன்."

பெண்கள் வந்தார்கள். சிமெண்டு பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. சுந்தராம்பாள் முதலில் நேராகவே கேட்டாள். "சார், இங்கே பெண்களுக்கு வரிசையாகக் கக்கூஸ் கட்டிக்கொடுத்துவிடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்."

தாண்டவராயன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "என்னம்மா, படித்தவர்கள் பேசுகிற பேச்சா? அது சுகாதார இலாகா. நான் இயற்கை இலாகா. காட்டுக்குள் நான் கக்கூஸ் கட்டினால் ஆடிட்டில் என்னைக் கட்டி வைத்து உதைப்பார்கள். இயற்கை சம்பந்தமாக ஏதாவது கேளுங்கள், இந்த நிமிஷமே ஆவன செய்கிறேன்." பாஞ்சாலியின் பக்கம் திரும்பி, குழந்தையிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினார். "சொல்லம்மா. காட்டுக்குள் நடக்கும்போது உங்களுக்கு என்ன வேண்டும்?"

"மறைவு வோணும் சார்," என்றாள் பாஞ்சாலி.

"மறைவா? இயற்கையை ரசிக்க எதற்கு மறைவு?"

"இன்னா சார் இப்டி கேக்கற! உங்க வூட்ல எப்டி, நடுக்கூடத்துலயா..."

"பறவைக்கு, சார்!" என்று சுந்தராம்பாள் குறுக்கே விழுந்தாள். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "ஆள் வெளியே தெரிந்தால் பறவை பறந்துவிடும் இல்லையா? அதனால்தான் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். புதர் போனது, இவர்கள் வருவதும் நின்றது."

தாண்டவராயனின் வாய் மெல்லத் திறந்தது. "பறவை நோக்கலா? இந்தப் பெண்களா?"

"தினமும், சார். அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்."

"அடடா, அடடா! வெளிநாட்டில் இதற்கென்றே குடில் கட்டி வைத்திருக்கிறான்! ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து, தான் தெரியாமல் வெளியே பார்க்கலாம். படத்தில் பார்த்திருக்கிறேன். கோதண்டம், எழுதிக்கொள்ளும். பறவை நோக்கு மறைகுடில்! சொல்லுங்கள் அம்மா, எப்படி இருக்க வேண்டும்?"

சுந்தராம்பாளுக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. "நாலு பக்கமும் செங்கல் சுவர், சார். மேலே கூரை. ஒரு ஆளுக்கு ஒரு குடில்."

"கும்பலாக உட்கார்ந்தால் சத்தம் வரும். சரி."

"கதவு வேண்டும். உள்பக்கம் தாழ்ப்பாள்."

"தாழ்ப்பாள் எதற்கு?"

"பறவையை உற்றுப் பார்க்கும் நேரத்தில் யாராவது கதவைத் திறந்துவிட்டால்?"

"நியாயம்."

"உள்ளே தரையில் ஒரு பள்ளம், சார். ஆழமாக."

"பள்ளமா?"

சுந்தராம்பாள் ஒரு கணம் திணறினாள். லூர்தம்மாள் கை கொடுத்தாள். "புழு சார். பள்ளத்துல புழு வெக்கும். புழு இருந்தாத்தான பறவை வரும்?"

"விஞ்ஞானபூர்வமாக அல்லவா பேசுகிறார்கள்!" என்று தாண்டவராயன் நெகிழ்ந்துபோனார். "தண்ணீர்?"

"தொட்டி நிறைய வோணும்," என்றாள் பாஞ்சாலி. "பறவை கால் கழுவ."

"ஆண்களுக்கு அந்தக் கோடியில், பெண்களுக்கு இந்தக் கோடியில்," என்று முடித்தாள் சுந்தராம்பாள்.

"ஆண் பறவை, பெண் பறவை என்றா?"

"பார்க்கிறவர்கள், சார்."

கக்கூஸ் என்று கேட்டால் ஆண்டாண்டாகப் பரிசீலனையில் கிடக்கும். மறைகுடில் என்றதும் மழைக்கு முன்னால் எழும்பிவிட்டது. வெள்ளையடித்து, ஒவ்வொரு கதவிலும் ஒரு கிளி படம் வரைந்து, தாழ்ப்பாளும் போட்டார்கள். முதல் நாள் பாஞ்சாலி உள்ளே போய்க் கதவைச் சாத்தி, வெகுநேரம் வெளியே வரவில்லை. "இன்னாடி, தூங்கிட்டியா?" என்று லூர்தம்மாள் கத்தினாள். "இருக்கா," என்று உள்ளிருந்து பதில் வந்தது. "நாலு செவுத்துக்குள்ள குந்திக்கினா ராணி மாரி கீது. அனுபவிச்சிட்டு வரேன்."

டப்பா மறுபடி நிரம்பியது. சரோஜா தண்ணீர் வேண்டிய மட்டும் குடித்தாள். கோதண்டம் நிம்மதியாகச் சாப்பிட்டார். கதையை இத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் தாண்டவராயன் ஒரு பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

'விடியலில் பறவை தேடும் கிராமத்துப் பெண்மணிகள்' என்று கட்டுரை வந்ததும் பட்டணம் விழித்துக்கொண்டது. இயற்கை நடை என்று பலகை வைத்தபோது எட்டிப் பார்க்காத குடும்பங்கள், ஊர் பேசுகிறது என்றதும் கார் கட்டிக்கொண்டு வந்தன. கழுத்தில் பைனாகுலர், தோளில் பிளாஸ்க், தலையில் பூப்போட்ட தொப்பி. வீட்டு மாடியில் காக்கைக்குக் கூடச் சோறு வைக்காத சீமாட்டிகள், இங்கே வந்து ஒரு மைனாவைப் பார்த்து "ஸ்வீட்!" என்று உருகினார்கள். ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கப் போகாதவர்கள் திங்கட்கிழமை கிளப்பில் தலைகாட்ட முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

அப்படி வந்த ஒரு சீமாட்டி, குடில் கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"ஆள் கீது!" என்று உள்ளிருந்து பாஞ்சாலி குரல் கொடுத்தாள்.

சீமாட்டி உதட்டில் விரலை வைத்துக் கணவனைப் பார்த்தாள். "உஷ்! உள்ளே ஏதோ அபூர்வமான பறவை போலிருக்கிறது. வெகுநேரமாகப் பார்க்கிறார்கள்."

ஐந்து நிமிஷத்தில் வெளியே பெரிய வரிசை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவைத் திறந்த பாஞ்சாலி திடுக்கிட்டுப்போய், முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"தெரிந்ததா?" என்று சீமாட்டி பரபரத்தாள்.

"இன்னா தெரியணும்?"

"நீங்கள் பார்த்தது! எப்படி இருந்தது?"

பாஞ்சாலி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உனுக்கு எப்டி இருக்குமோ அப்டித்தான்மா இருந்திச்சி," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். அடக்கமான பெண், தான் கண்ட அபூர்வத்தைச் சொல்ல மறுக்கிறாள் என்று பட்டணத்தில் பரவியது. அபூர்வம் என்ன என்று கண்டறிய, சுப்பராயன் என்ற பறவை நிபுணரை இலாகா அனுப்பி வைத்தது.

நிபுணர் சுப்பராயன் தடித்த கண்ணாடி போட்டவர். பாடம் செய்து கண்ணாடிப் பெட்டிகளில் வைத்த பறவைகளை மட்டுமே பார்த்துப் பழகியவர். ஒவ்வொரு குடிலுக்குள்ளும் போய், பள்ளத்தில் டார்ச் அடித்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆராய்ந்தார். அவர் கண்ட தடயத்தின் விவரங்களை, பெண்கள் படிக்கும் கதை என்பதால், இங்கே தவிர்க்கிறேன். வெளியே வந்ததும் தாண்டவராயனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் தாண்டவராயன், இது சாதாரணப் பறவை இல்லை. எச்சத்தின் பரிமாணத்தை வைத்துச் சொல்கிறேன், குறைந்தது ஆள் உயரம் இருக்கும். பறக்காது. கூட்டமாக வரும், தனித்தனியே அமரும். விடியலில் மட்டுமே நடமாடும். தானியம், கீரை, அவ்வப்போது கருவாடு உண்ணும். உலகில் வேறெங்கும் பதிவாகாத இனம்!"

சுந்தராம்பாள் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சிரிப்பு நீடிக்கவில்லை. இவ்வளவு அபூர்வமான பறவைக்கு மனிதர்களால் ஆபத்து வரக்கூடாது அல்லவா? காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. 'பாதுகாக்கப்பட்ட பறவைப் பகுதி. மனிதர்கள் உள்ளே நுழையக்கூடாது. மீறினால் சிறை.' பட்டணத்துக் குடும்பங்கள் திரும்பிப் போயின. கிராமத்துப் பெண்கள் மறுபடி ஏரிக்கரைக்கு நடந்தார்கள். சுந்தராம்பாளும் நடந்தாள்.

"நீதான்மா பறவை பறவைன்னு சொன்ன," என்றாள் பாஞ்சாலி, இருட்டில் தடுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "இப்ப பாரு, பறவைக்கு வூடு கீது. நமக்கு இல்ல."

சுந்தராம்பாள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கேட்டது கிடைத்து, கிடைத்தது பறிபோனதற்குத் தன் வாய்தான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். கோதண்டத்திடம் உண்மையை மேலிடத்துக்குச் சொல்லிவிடச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. "எதைச் சொல்றது? டெல்லிக்குப் போயிடுச்சு சுந்தரா. பறவைக்கு லத்தீன்ல பேர் வெச்சாச்சு. இப்போ அது பறவை இல்லேன்னா, நாம யாருன்னு கேப்பாங்க."

ஆனால் வேலி போட்ட கொஞ்ச நாளில் சுப்பராயன் மறுபடி டார்ச்சோடு வந்தார். பள்ளம் பள்ளமாகப் பார்த்தார். புதிய தடயம் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதேவிட்டார். "இனம் அழிகிறது! நம் கண் முன்னால் அழிகிறது!"

சுந்தராம்பாள் ஒரு லோட்டா மோரோடு அவர் அருகில் போனாள். "அந்தப் பறவைக்கு மனுஷ வாடை பழகிப்போச்சோ என்னவோ, சார். பெண்கள் வந்து போய்க்கொண்டிருந்தவரை அதுவும் வந்தது. அவர்களை நிறுத்தினீர்கள். அதுவும் நின்றுவிட்டது."

நிபுணர் மோரைக் குடிக்க மறந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து ஜீப்பை நோக்கி ஓடினார்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. மேற்படி பறவையினத்தின் மீட்சியை முன்னிட்டு, நெடுந்தாங்கல் பெண்கள் அனைவரும் 'கௌரவப் பறவை ஊக்குநர்'களாக நியமிக்கப்படுகிறார்கள். இவர்கள் நாள்தோறும் விடியலில் தவறாது மறைகுடிலுக்குச் சென்று, தாழிட்டு, போதிய நேரம் அமர்ந்து திரும்ப வேண்டியது. உடல்நலக் குறைவால் வர இயலாதவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியது. தொட்டியில் தண்ணீர் குறையாமல் மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்ள வேண்டியது.

"போவலன்னா கேஸ் போடுவானா?" என்று பாஞ்சாலி கேட்டாள்.

"போடுவாங்க."

"நல்லா போடட்டும். ஒரு நாளு கூட தவற மாட்டேன்."

தடயம் திரும்பியது. அடுத்த பறவைக் கணக்கெடுப்பில் இனம் பெருகியிருந்தது. வளர்ந்த பெட்டைகள் பட்டியலில் தானும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருப்பதைச் சுந்தராம்பாள் கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கன்னியாஸ்திரீகள் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்களோ என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, குடிலுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து தாண்டவராயன் வந்தார். பதவி உயர்ந்திருந்தது. சபாரி சூட்டில் இன்னும் இரண்டு பைகள் கூடியிருந்தன. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே முகமெல்லாம் பல்.

"சுந்தராம்பாள் அம்மா, ஒரு சந்தோஷச் செய்தி! இந்தப் பறவை நெடுந்தாங்கலில் மட்டும் இல்லை. பட்டணத்துக்கே வந்துவிட்டது! எங்கள் தலைமை ஆபீஸில் வேலை பார்க்கிற டைப்பிஸ்ட் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வருகிறதாம். உடனே குடில் வேண்டும் என்கிறார்கள்."

சுந்தராம்பாள் முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். "பாவம், கட்டிக்கொடுங்கள் சார்."

"ஒன்றா, இரண்டா? மற்ற இலாகாக்களையும் விசாரித்தேன். பெண்கள் வேலை பார்க்கிற ஒரு ஆபீஸ் பாக்கியில்லை, பள்ளிக்கூடம் பாக்கியில்லை, எல்லா இடத்திலும் இருக்கிறதாம்! இத்தனை நாள் நம் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது, பாருங்கள்." குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தார். "ஒன்றுதான் புரியவில்லை. அதிகாரிகளின் அறைப் பக்கம் மட்டும் அது வருவதே இல்லை. என்ன காரணம் என்று சுப்பராயன் ராப்பகலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்."